இன்யோ கவுண்டி: நான்கு இரவுக்கு எந்த ஊரில் அறை எடுப்பது?

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்கும் நெவாடா மாநில எல்லைக்கும் நடுவில் இருக்கிறது இன்யோ கவுண்டி என்ற மாவட்டம். பரப்பு 10,227 சதுர மைல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 19,016 பேர். சதுர மைலுக்கு இரண்டு ஆள்கூடத் தேறாது. நகர அந்தஸ்து பெற்ற ஊர் பிஷப் ஒன்றுதான். மற்றவை நெடுஞ்சாலையை ஒட்டி நாலைந்து தெருக்களோடு முடிந்துவிடும் சிற்றூர்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ், லாஸ் வேகஸ், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து நீண்ட வாரயிறுதிக்கு இங்கே வரும் குடும்பங்கள் பலவும் ஒரே தவறைச் செய்கின்றன. விட்னி சிகரமும் டெத் வேலிப் பாலைவனமும் ஒரே கவுண்டியில்தானே இருக்கின்றன என்று நினைத்து, வாடகை மலிவாகக் கிடைத்த ஊரில் நான்கு இரவுக்கும் ஒரே அறையை எடுத்துவிடுகிறார்கள். பிறகு விடுமுறையில் பாதி காருக்குள்ளேயே கழிகிறது. சில நேரம் அதைவிட மோசமாக, ஜூலை மாதத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே போய் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கவுண்டியில் ஊரைத் தேர்ந்தெடுப்பது என்றால் உயரத்தையும் மாதத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது. அந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஊர்களை ஒப்பிட்டிருக்கிறோம்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

விட்னி சிகரம் 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதுவே உயரமான இடம். டெத் வேலியின் பேட்வாட்டர் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். பறவை பறக்கும் நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே சுமார் 85 மைல். காரில் பேட்வாட்டரிலிருந்து, விட்னி ஏற்றம் தொடங்கும் விட்னி போர்ட்டல் வரை 135 மைல். ஜூலை மாதத்தில் அந்த வழி முழுவதையும் ஓடியே கடக்கும் பந்தயம் ஒன்று உண்டு. பேட்வாட்டர் 135 என்ற அதன் பெயரே தூரத்தைச் சொல்லிவிடுகிறது.

85 மைல் எப்படி 135 ஆகிறது? மலைகள் எல்லாம் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. மேற்கே சியரா, அதை ஒட்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, பிறகு ஒயிட், இன்யோ மலைகள், பிறகு பானமின்ட் பள்ளத்தாக்கு, பானமின்ட் மலை, அதற்கும் கிழக்கே டெத் வேலி. வடக்குத் தெற்காகப் போனால் சாலை நேராக ஓடும். கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வொரு மலையிலும் ஏறி இறங்க வேண்டும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தைச் சியராவே பிழிந்து எடுத்துக்கொள்வதால், கிழக்கே போகப் போக வறட்சி கூடும். டெத் வேலிக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரியாக இரண்டு அங்குலம்தான்.

வரைபடம் ஏமாற்றும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. தெற்கே வாக்கர் கணவாயில் போகும் 178ஆம் சாலைக்கும், வடக்கே டயோகா கணவாயில் போகும் 120ஆம் சாலைக்கும் நடுவில் ஒரு மாநில நெடுஞ்சாலைகூடச் சியராவைக் கடப்பதில்லை. 168, 190 என்ற எண்கள் மலையின் இரு பக்கமும் தெரியும். அவை ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. அந்தச் சாலைகளைப் போட்டு முடிக்கவில்லை. ராட்சதச் செக்வோயா மரங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தானே, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று லோன் பைனில் அறை எடுத்தால், அங்கே போய்ச் சேரவே நான்கைந்து மணி நேரம் ஆகும். டயோகா கணவாய் பொதுவாக நவம்பரில் மூடப்பட்டு மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். பனி அதிகம் விழுந்த ஆண்டில் இன்னும் தள்ளிப்போகும்.

ஊர்கள் ஏன் இவ்வளவு சிறியவை

இது தெரிந்தால்தான் அறை ஏன் கிடைப்பதில்லை என்பது புரியும். 1980இல் இங்கே 17,895 பேர். 2000இல் 17,945. 2020இல் 19,016. கலிஃபோர்னியா முழுவதும் பெருத்துக்கொண்டிருந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கவுண்டி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. தனியார் கையில் இருக்கும் நிலம் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. பெரும்பகுதி மத்திய அரசின் தேசியப் பூங்கா, தேசிய வனம், பாலைவனப் பொது நிலம். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் வாழத் தகுந்த, நீர் ஓடும் நிலமோ லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் நீர், மின்சாரத் துறைக்குச் சொந்தம்.

1900களின் தொடக்கத்திலிருந்து அந்த நகரம் இங்கே நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்கிக் குவித்தது. நகரத்தின் நீர்ப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்டின் மேற்பார்வையில் கட்டிய 233 மைல் கால்வாய் 1913 நவம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. ஓவன்ஸ் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு தெற்கே திருப்பப்பட்டது. 1920களின் நடுவில் ஏரி வறண்டுபோனது. 1924இல் விவசாயிகள் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே நவம்பரில் அலபாமா மதகைக் கைப்பற்றி நீரை மறுபடி ஆற்றில் திருப்பி விட்டார்கள். 1927இல் எதிர்ப்பை முன்னின்று நடத்திய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி விழுந்தது. அத்தோடு போராட்டமும் ஒடுங்கியது.

அதற்கும் முன்பே இந்த நீர் பூர்வகுடிகளான பாயூட் மக்களுடையது. பள்ளத்தாக்கை அவர்கள் பாயஹூனாடு, அதாவது நீர் ஓடும் இடம், என்றே அழைத்தார்கள். வெள்ளையர் வருவதற்கு முன்பே வாய்க்கால் வெட்டி, கிழங்கு விளையும் புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். 1863 ஜூலையில் சுமார் ஆயிரம் பேரைப் படையினர் கோடை வெயிலில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். பலர் திரும்பி வந்தார்கள். இன்று கவுண்டியில் பத்தில் ஒருவருக்கு மேல் பூர்வகுடியினர். ஐந்தில் ஒருவருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வேர் கொண்டவர்கள். பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய மூன்று ஊர்களிலும் இருக்கும் பூர்வகுடி ஒதுக்கு நிலங்கள் 1930களின் இறுதியில் மத்திய அரசும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமும் செய்த நிலமாற்றத்தில் உருவானவை. அந்த மாற்றத்தில் நீர் உரிமை முறையாகக் கைக்கு வரவில்லை என்ற பிரச்சினை இன்றும் தீரவில்லை. இம்மக்களின் தெருக்கள் குடியிருப்புகள். சுற்றிப் பார்த்துப் படம் எடுக்கும் இடங்கள் அல்ல. பிஷப்பில் பாயூட் மக்களே நடத்தும் பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே போங்கள்.

ஊரைச் சுற்றி நிலம் விற்பனைக்கு இல்லாததால் ஊர் விரிவதில்லை. புது மோட்டல்கள் முளைப்பதில்லை. நான்கு நாள் விடுமுறை வந்தால் அறைகள் தீர்ந்துபோகும். இங்கே கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

லோன் பைன்: முதல் முறை வருகிறவர்களுக்கு

முதல் முறை வருகிறீர்கள், மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரையிலோ அக்டோபரிலோ வருகிறீர்கள் என்றால், வேறு யோசனை வேண்டாம், லோன் பைன்தான். மக்கள் சுமார் 2,000. உயரம் 3,727 அடி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஏறத்தாழ 210 மைல். இந்த ஊரின் பலம் அது நிற்கும் இடம். மேற்கே 13 மைலில் விட்னி போர்ட்டல், கிழக்கே சுமார் 105 மைலில் ஃபர்னஸ் கிரீக், வடக்கே 9 மைலில் இரண்டாம் உலகப் போர்க் கால முகாம் இருந்த மான்சனார். இரண்டு பக்கத்துக்கும் பகலில் போய் இரவுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர் கவுண்டியில் இது ஒன்றுதான்.

ஊருக்கு மேற்கே அலபாமா குன்றுகள். உருண்டு திரண்ட பழுப்புப் பாறைகள், அவற்றுக்குப் பின்னால் சுவர்போல் எழும் சியரா. 1920 முதல் நானூறுக்கு மேற்பட்ட திரைப்படங்களுக்கு இங்கே காட்சிகள் எடுத்திருக்கிறார்கள். பெயர் வந்த கதை உள்நாட்டுப் போர்க் காலத்தது. தெற்கு அணியை ஆதரித்த சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் போர்க்கப்பல் அலபாமாவின் பெயரைக் குன்றுகளுக்கு வைத்தார்கள். 1864இல் அந்தக் கப்பலை மூழ்கடித்த கியர்சார்ஜின் பெயரை வடக்கு அணி ஆதரவாளர்கள் இன்டிபென்டன்ஸ் பக்கத்துச் சுரங்கத்துக்கு வைத்தார்கள். கணவாய்க்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

குன்றுகளுக்கு விடியலில் போங்கள். சூரியன் இன்யோ மலைக்கு மேல் வருவதற்கு முன்பே சிகரங்களில் வெளிச்சம் விழும். மொபியஸ் வளைவுப் பாறைக்கான சுற்றுநடை ஒரு மைலுக்கும் குறைவு, சிறுவர்களும் நடப்பார்கள். ஊரிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது எல்லாவற்றையும்விட உயரமாகத் தெரிவதை விட்னி என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் அதிகம். அது 12,943 அடி உயரமுள்ள லோன் பைன் சிகரம். அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. விட்னி அதற்கு வலப்பக்கம், பின்னால், ஊசி போன்ற கூர்முனைகளுக்குப் பக்கத்தில் சற்றுச் சிறிதாகத் தெரியும்.

விட்னியில் ஏற நினைப்பவர்களுக்கு: மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு 100 பகல் அனுமதிகளும் 60 இரவு அனுமதிகளும் மட்டுமே தருகிறார்கள். பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை குலுக்கலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போய்வர 22 மைல், ஏற்றம் 6,000 அடிக்கு மேல். மனிதக் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவது கட்டாயம். பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புவது கால்வலி இல்லை, தலைவலியும் வாந்தியும்தான். முந்தைய இரவு லோன் பைனில் தூங்கிவிட்டு நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்காது. 8,374 அடியில் இருக்கும் போர்ட்டலிலேயே ஓரிரு இரவு கூடாரத்தில் தங்குவது நல்லது. அங்கே காருக்குள் உணவை வைக்காதீர்கள். கரடி கார்க் கதவையே பிய்த்துவிடும். உலோகப் பெட்டிகள் அதற்காகத்தான் வைக்கப்பட்டுள்ளன. குளிர்காலத்தில் போர்ட்டல் சாலையின் மேல்பகுதியில் பனியை அகற்ற மாட்டார்கள்.

லோன் பைனின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கடைகள் சிறியவை, காய்கறி வகை குறைவு. இரவு எட்டு, ஒன்பது மணிக்குமேல் சூடான சாப்பாடு கிடைப்பது அரிது. சைவம் சாப்பிடுபவர்கள் ரைஸ் குக்கரும் அரிசி பருப்பும் கொண்டுவருவது நல்லது. அறை எடுக்கும்போதே நுண்ணலை அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் காற்று பலமாக வீசும். தெற்கே இருக்கும் ஓவன்ஸ் ஏரிப் படுகை ஒரு காலத்தில் நாட்டிலேயே தூசி மிகுதியாக எழுந்த இடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இரண்டு பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்து, படுகையில் ஆழமில்லாமல் நீர் தேக்கியும் சரளை பரப்பியும் உப்புப் புல் வளர்த்தும் தூசியைப் பெருமளவு அடக்கியிருக்கிறது. நீர் தேங்கிய இடங்களுக்கு வலசைப் பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று நாள்களில் ஏரிக்கரையிலுள்ள கீலர் பக்கம் இறங்கி நிற்க வேண்டாம்.

1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணியளவில் வந்த நிலநடுக்கத்தில் இந்த ஊரின் 59 வீடுகளில் 52 இடிந்தன. 27 பேர் இறந்தார்கள். மண்ணும் கல்லும் வெயிலில் உலர்த்திய அடோபிச் செங்கலும் வைத்துக் கட்டிய சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஊருக்கு வடக்கே சாலையோர மேட்டில் அவர்களில் சிலரின் பொதுக்கல்லறை இருக்கிறது. மண்ணே அன்று பிளந்து உயர்ந்ததால் உண்டான மேடு அது.

பிஷப்: கோடைக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும்

லோன் பைனிலிருந்து வடக்கே 60 மைல். நகர எல்லைக்குள் 3,819 பேர்தான். ஆனால் மேற்கு பிஷப், டிக்சன் லேன், பாயூட் ஒதுக்கு நிலம் எல்லாவற்றையும் சேர்த்தால் கவுண்டி மக்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வாழ்கிறார்கள். அதனால் மற்ற ஊர்களில் இல்லாதவை இங்கே இருக்கின்றன: பெரிய பல்பொருள் அங்காடிகள், மருத்துவமனை, டயர் கடைகள், விமான நிலையம், மெக்சிகன், தாய்லாந்து உணவகங்கள். கைக்குழந்தை உள்ளவர்களும், மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று கவலைப்படும் பெரியவர்களை அழைத்து வருபவர்களும் பிஷப்பைத் தேர்ந்தெடுப்பதே சரி. பெரிய பேக்கரியில் கிடைக்கும் ஆட்டிடையர் ரொட்டிக்கு வரிசை நிற்கும். பாஸ்க் இடையர்கள் மலையில் சுட்ட ரொட்டியிலிருந்து வந்தது அது.

கோடையில் பிஷப்பிலும் பகலில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஆனால் 168ஆம் சாலையில் மேற்கே ஏறினால் முக்கால் மணி நேரத்தில் 9,128 அடியில் சப்ரைனா ஏரி. கிளைச் சாலையில் 9,768 அடியில் சவுத் லேக். ஊரில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஸ்வெட்டர் தேடுவார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை இந்தப் பள்ளத்தாக்கில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். உயரத்தில் முதலில் நிறம் மாறி, வாரத்துக்கு வாரம் கீழே இறங்கும். அதனால் தாமதமாக வந்தவர்கள் ஏமாற வேண்டாம். சாலையில் கொஞ்சம் கீழே பார்த்தால் போதும். விட்னி ஏறப்போகிறவர்களுக்கும் இந்த ஏரிகளைச் சுற்றி ஒருநாள் நடப்பது உடம்பை உயரத்துக்குப் பழக்கும்.

பிஷப்பைத் தவிர்க்க வேண்டியது எப்போது? டெத் வேலிதான் உங்கள் முதன்மை நோக்கம் என்றால். பிஷப்பிலிருந்து பேட்வாட்டர் போய்வர 360 மைலுக்கு மேல். ஏழு மணி நேரம் காரிலேயே போய்விடும். இன்னொன்று, மே கடைசியில் வரும் நினைவு நாள் விடுமுறை வாரம். 1969 முதல் நடக்கும் கோவேறு கழுதைத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பி வழியும். அதைப் பார்ப்பதற்கே வருகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே அறை எடுங்கள். இல்லையென்றால் அந்த வாரம் வேறு ஊர் பாருங்கள்.

இன்டிபென்டன்ஸ், பிக் பைன்

இன்டிபென்டன்ஸ்தான் கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி உருவான 1866 முதலே. ஆனால் சுமார் 600 பேர் வாழும் ஊர். நீதிமன்றம், கவுண்டி நூலகம், கிழக்குக் கலிஃபோர்னியா அருங்காட்சியகம், ஓரிரு தங்குமிடங்கள். அமைதி வேண்டும், இரவு உணவைக் கையோடு கொண்டுவருவோம் என்பவர்களுக்குப் பொருந்தும். இங்கிருந்து மேற்கே 13 மைல் ஏறினால் 9,200 அடியில் ஆனியன் வேலி. அங்கிருந்து 11,760 அடியிலுள்ள கியர்சார்ஜ் கணவாய்க்கு நடக்கலாம். குலுக்கலில் விட்னி கிடைக்காதவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பகல் நடைக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம்; கணவாயில் ஏறி நின்றால் மறுபக்கம் ஏரிகள் தெரியும்.

ஊருக்குத் தெற்கே 6 மைலில் மான்சனார். எந்த ஊரில் தங்கினாலும் இங்கே அரைநாள் ஒதுக்குங்கள். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். மான்சனாரில் மட்டும் ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள், எட்டுக் காவல் கோபுரங்களுக்குக் கீழே அடைக்கப்பட்டிருந்தார்கள். இன்று கவுண்டி முழுவதும் வாழ்வோரில் பாதிக்கு மேலான கூட்டம் அது. 1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் பழைய பள்ளி அரங்கத்தில் இருக்கும் காட்சியகம், பிறகு 14ஆம் தொகுதியில் மறுபடி கட்டியிருக்கும் குடில்கள், பிறகு சுமார் 3 மைல் கார்ச் சுற்று, கடைசியாக இடுகாட்டில் அவர்கள் 1943இல் எழுப்பிய வெண்ணிற நினைவுத்தூண். கைதிகள் கல் அடுக்கி, குளம் வெட்டி அமைத்த தோட்டங்களின் தடங்களை மண்ணுக்கடியிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை நடக்கும் நினைவு யாத்திரைக்கு 1969 முதல் மக்கள் கூடுகிறார்கள். அந்த வாரயிறுதியில் அருகிலுள்ள ஊர்களில் அறை கிடைப்பது கடினம்.

பிக் பைனில் 1,800 பேரளவில். இங்கே வர வேண்டிய காரணம் ஒன்று: கிழக்கே 23 மைலில், பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஷுல்மன் தோப்பு. 4,800 ஆண்டுக்கு மேல் வயதான பிரிசில்கோன் பைன் மரம் மெத்துசெலா அங்கே நிற்கிறது. 1957இல் எட்மண்ட் ஷுல்மன் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்தது. எந்த மரம் என்று பலகை வைக்கவில்லை. சிதைத்துவிடுவார்கள் என்ற அச்சம். தோப்பு வரை தார்ச்சாலை. பொதுவாக மே நடுவிலிருந்து நவம்பர் வரை திறந்திருக்கும். மேலே குடிநீரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இரண்டையும் பிக் பைனில் நிரப்பிக்கொள்ளுங்கள். மரங்களைப் பார்ப்பதற்காக மட்டும் இங்கே அறை எடுக்கத் தேவையில்லை, பிஷப்பிலிருந்தே 38 மைல்தான்.

ஃபர்னஸ் கிரீக்: நவம்பர் முதல் மார்ச் வரை

1913 ஜூலை 10 அன்று இங்கே 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ், பதிவானது. உலகிலேயே உச்சமாகப் பதிவுபெற்றிருக்கும் காற்று வெப்பம் அது. ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 116 டிகிரியைத் தொடும். இரவிலும் 90க்குக் கீழே இறங்காத நாள்கள் உண்டு. ஜனவரியிலோ பகலில் 67 அளவில் இதமாக இருக்கும். ஒரே அறை, இரண்டு வேறு உலகங்கள்.

கடல் மட்டத்துக்கு 190 அடி கீழே, ஊற்று நீர் மலையடியிலிருந்து வருவதால் ஈச்சமரங்களோடு நிற்கும் சோலை இது. அந்த ஊற்றைச் சார்ந்து காலங்காலமாக வாழ்ந்தவர்கள் டிம்பிஷா ஷோஷோனி மக்கள். 1933இல் இடம் தேசிய நினைவிடமானபோது அவர்கள் சொந்த மண்ணில் வேண்டாதவர்கள் ஆக்கப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சுமார் 7,700 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பியது. அதில் முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் ஃபர்னஸ் கிரீக்கிலேயே.

இங்கே தங்கினால் ஜப்ரிஸ்கி முனை 5 மைல், பேட்வாட்டர் 17 மைல், 5,475 அடி உயர டான்டே காட்சி முனை 25 மைல். விடியலும் அந்தியும் உங்கள் கையில். லோன் பைனிலிருந்து பகலில் வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது வெறும் நடுப்பகல் வெளிச்சம்; உப்பும் மணலும் அப்போது நிறமில்லாமல் வெளுத்துத் தெரியும். அதனால் குளிர்காலத்தில் இரண்டு இரவாவது இங்கே தங்குவதற்குக் காசு கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. வாடகை கவுண்டியிலேயே அதிகமான இடங்களில் ஒன்று. மணல்மேடுகளுக்கு அருகே இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸ் அதைவிட எளிமையான மாற்று. டெத் வேலி தேசியப் பூங்காவின் கட்டணம் காருக்கு 7 நாளைக்கு 30 டாலர். வாசலில் யாரும் வசூலிக்க மாட்டார்கள். இயந்திரத்தில் அட்டை வைத்து நீங்களேதான் கட்ட வேண்டும்.

தவறுகள் நடக்கும் இடங்கள்: லோன் பைனிலிருந்து வரும் 190ஆம் சாலை 4,956 அடி டவுன் கணவாயிலிருந்து சுமார் 17 மைலில் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து இறங்குங்கள். திரும்பி ஏறும்போது எஞ்சின் சூடானால் ஏசியை அணைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் செல்பேசி சிக்னல் இல்லை, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வழிகாட்டிச் செயலி மண்சாலைக்குள் திருப்பினால் கேட்காதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர். வெப்ப மாதங்களில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்நிலத்தில் நடக்கக் கூடாது. கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுபவர்களுக்கு ஆளைவிடக் கார் எளிதில் தென்படும். மழையையும் அலட்சியம் செய்ய வேண்டாம். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலில் ஒரே நாளில் 2.2 அங்குலம் பெய்தது, ஓர் ஆண்டு மழைக்கும் மேல். மண் நீரை உறிஞ்சாததால் சாலைகள் அறுந்து, பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது.

லாஸ் வேகஸிலிருந்து வருகிறவர்கள் ஷோஷோன், டெகோபா என்ற தென்கிழக்கு ஊர்களையும் பார்க்கலாம். ஷோஷோனில் சில பத்துப் பேர். டெகோபாவில் வெந்நீர் ஊற்றுகள், அருகே சைனா ராஞ்ச் ஈச்சந்தோட்டம். ஷோஷோனிலிருந்து ஃபர்னஸ் கிரீக் 57 மைல். பெரிய கடைக்கு நெவாடாவின் பஹ்ரம்ப் 28 மைல். ஆனால் தங்கள் சொந்தக் கவுண்டித் தலைமையிடத்துக்கு இம்மக்கள் ஏறத்தாழ 180 மைல் போக வேண்டும். சியராவும் வேண்டும் என்பவர்கள் இங்கே தங்குவதில் பொருள் இல்லை.

நான்கு இரவை எப்படிப் பிரிப்பது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: ஃபர்னஸ் கிரீக்கில் இரண்டு, லோன் பைனில் இரண்டு. இந்த மாதங்களில் மலை ஏரிகளுக்கும் பிரிசில்கோன் தோப்புக்கும் திட்டமே போடாதீர்கள். மார்ச் பிற்பகுதி, ஏப்ரல், அக்டோபர் கடைசி: நான்கும் லோன் பைனில் இருக்கலாம். அக்டோபர் முற்பகுதியில் ஆஸ்பென் பார்க்க வேண்டுமானால் பிஷப்பில் இரண்டு, லோன் பைனில் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை: பிஷப்பில் மூன்று, திரும்பும் வழியில் லோன் பைனில் ஒன்று. டெத் வேலியை விட்டுவிடுங்கள். குழந்தைகள் அடம் பிடித்தால் விடிவதற்கு முன் பானமின்ட் பள்ளத்தாக்குக்கு மேலிருக்கும் ஃபாதர் கிரவுலி முனை வரை போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து பாலைவனத்தின் அகலம் கண்ணுக்குக் கிடைக்கும்.

மின்சாரக் காரில் வருகிறவர்களுக்கு லோன் பைனிலும் பிஷப்பிலும் வேக சார்ஜர் உண்டு. ஃபர்னஸ் கிரீக் போவதற்கு முன் லோன் பைனில் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள், டவுன் கணவாய் பேட்டரியை நிறையத் தின்னும். பெட்ரோல் காருக்கும் அதே அறிவுரைதான். பூங்காவுக்குள் மூன்று இடங்களில் பெட்ரோல் இருந்தாலும் விலை வெளியைவிடக் கூடுதல். 395ஆம் நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் வந்து லோன் பைனுக்குள் நுழையும்போது வரம்பு 25 ஆகிவிடும். பலகையைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்தச் சாலைதான் இவ்வூர் மக்களின் கடைத்தெரு. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வழியும் அதுவே.